அதிர்ந்தது அம்மாவா?

கச்சிராயபாளையத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில், கரும்பு திணிக்கும்போது சாறு பிழியும் ஆலைக்குள் சிக்கித் தனசேகரனின் வலது கை போனது. பிறகு மாட்டிக்கொண்ட செயற்கைக் கை மூடும், திறக்கும். ஆனால் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. பேப்பர் கப் நசுங்கி டீ சட்டையில் ஊற்றும். அவன் டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டான்.

தங்கை எழில்மதி சென்னையில் ரப்பர் ஆராய்ச்சி செய்கிறாள். மின்சாரம் கடத்தும் ரப்பரில் அந்தக் கைக்கு விரல் உறைகள் செய்தாள். அழுத்தினால் ரப்பருக்குள் ஓடும் மின்சாரம் மாறும். அந்த மாற்றத்துக்கு ஏற்ப, மேல்கையில் கட்டிய குட்டி மோட்டார் அதிரும். முதலில் கரித்தூளை மட்டும் கலந்தாள். மின்சாரம் ஓடப் போதுமான அளவு சேர்த்ததும் ரப்பர் விறைத்து விரிசல் விட்டது. அடுத்து, கண்ணுக்கே தெரியாத கார்பன் நானோ குழாய்களைக் கொஞ்சம் சேர்த்தாள். அவை சிக்கு விழுந்த முடி மாதிரி திரண்டுகொண்டன. இரண்டையும் அளவாகக் கலந்து, மெதுவாக அரைத்து, ஒருவழியாகப் பக்குவத்துக்குக் கொண்டுவந்தாள்.

அந்த நேரத்தில்தான் அம்மா பாப்பாத்தி பக்கவாதத்தில் விழுந்தாள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எழில்மதி உறைகளையும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள்.

மாட்டியதும் தனசேகரன் கட்டில் விளிம்பை அழுத்திப் பார்த்தான். மேல்கையில் மோட்டார் அதிர்ந்தது. அவன் முகத்தில் சிரிப்பு வந்து, அம்மாவைப் பார்த்ததும் அடங்கியது. கட்டிலருகே உட்கார்ந்து, அந்தக் கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து, "எழிலு, இங்க வாயேன். அம்மா கைய அமுக்குது!" என்றான்.

எழில்மதி ஓடிவந்தாள். அம்மாவின் விரல்கள் அசையவில்லை.

"நெசமாத்தான் சொல்றேன். அதிருது பாரு. நம்மள கண்டுக்கிச்சு."

"அதிர்வு டக்குனு வந்துச்சாண்ணா, மெதுவா ஏறுச்சா?"

"மெதுவா. ஏறிக்கினே வந்துச்சு." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "இன்னா? சொல்லு. அம்மாவா, ரப்பரா?"

அம்மாதான் என்று சொல்லிவிடலாம். அண்ணன் அந்த நம்பிக்கையோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நாளைக்கும் அவன் இந்தக் கை சொல்வதைத்தானே நம்பவேண்டும்?

"ரப்பர்ணா. ரொம்ப நேரம் அமுங்கியே இருந்தா உள்ள கொஞ்சம் கொஞ்சமா தளரும். கரியும் குழாயும் நகரும். அப்ப யாரும் அமுக்காமலே அதிரும். அந்தக் குறைய இன்னும் சரிபண்ண முடியல."

தனசேகரன் எழுந்தான். செயற்கைக் கையைக் கழற்றி வைத்தான். கட்டிலைச் சுற்றி வந்து, இடது கையால் அம்மாவின் கையைப் பிடித்தான்.

"சூடு இருக்குது. உன் ரப்பருக்கு சூடு தெரியாதில்ல?"

"தெரியாது."

"பரவால்ல. நீயும் வந்து புடிச்சுக்கோ."

மறுநாள் மதியம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதுவரை இருவரும் மாறி மாறிப் பிடித்து, அந்தக் கையை விடவேயில்லை.

கருமாதி முடிந்து சென்னைக்குக் கிளம்பும்போது, பொய் சொன்ன உறைகளை எப்படிக் கேட்பதென்று எழில்மதி தயங்கினாள். அவனே கழற்றிக் கொடுத்தான்.

"சரிபண்ணி எடுத்தாந்து குடு. அன்னிக்கு நீ அம்மாதான்னு சொல்லி, அப்புறம் பொய்னு தெரிஞ்சிருந்தா, இத மறுபடியும் மாட்டியிருக்க மாட்டேன்."

குழாய்களின் மேற்பரப்பு ரப்பரோடு நன்றாக ஒட்டும்படி பதப்படுத்தியபோது அந்த நகர்தல் பெருமளவு அடங்கியது. தை மாதம் புது உறைகளோடு வந்து மாட்டிவிட்டு, தன் கையையே அவனிடம் கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணுமே பண்ணல நீ," என்றான்.

"ஆமாண்ணா."

அவள் மெல்ல விரல்களை மடக்கினாள்.

"இப்ப புடிச்ச," என்றான் தனசேகரன்.