பலாப்பாலில் ஒட்டிய வயர்

பலாப்பாலைப் போல ஒட்டுகிற பொருள் உலகத்தில் கிடையாது. ஒருமுறை தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டு, பெஞ்சோடு சேர்ந்தே பஸ் ஏறினேன். கண்டக்டர் பெஞ்சுக்கும் டிக்கெட் கேட்டார்.

அதனால்தான், மாட்டுக் கொட்டகைக்குப் போகிற கரண்டு வயரை எலி கடித்துத் துண்டாக்கியபோது நான் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு நுனியையும் என் கட்டிங் பிளேயரால் முறுக்கினேன். பழைய வேட்டித் துணியைச் சுற்றி, மேலே பலாப்பாலை வழித்துப் பூசினேன். தொங்காமலிருக்க, துணி காயப்போடும் இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். பல்பு எரிந்தது.

பத்து நாள் விடாமல் மழை, பனி. பதினோராம் நாள் காலையில் என் மனைவி கண்ணாயி ரப்பர் செருப்புக் காலோடு நின்று ஈரச் சேலையை அந்தக் கம்பியில் போட்டாள். விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

எழுந்து உட்கார அவளுக்கு வெகு நேரமாயிற்று. உள்ளங்கை வெந்திருந்தது. நான் நீட்டிய தண்ணீரைத் தட்டிவிட்டாள்.

"பேளுக்குறிச்சி ஜாபர் பாய் வந்து பாத்து, இனி பயமில்லைன்னு அவரு வாயால சொல்லோணும். அதுவரைக்கும் இந்த ஊட்டுல கால் வெக்க மாட்டேன்."

புளியஞ்சோலையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜாபர் உசேன் வயரிங் வேலைக்காரர். நான் போனில் நடந்ததைச் சொன்னதும், மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்தார். கம்பியைப் பார்க்கும்வரை சாந்தமான மனுஷர்.

"ஏனுங்க சென்றாயண்ணா, இதச் செஞ்சது யாரு?"

"எலிங்க பாய்."

"எலி கடிக்கும். துணி சுத்திப் பாலு பூசுமா?"

"எங்க மலை எலிங்க கொஞ்சம் விவரமானதுங்க."

அவர் சிரிக்கவில்லை. மெயினை அணைத்தார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டெஸ்டர் வைத்து கரண்டு இல்லையென்று பார்த்த பிறகே அந்த முடிச்சை வெட்டி என் முகத்துக்கு நேரே பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

"வெறும் செம்பு, அதுக்கு மேல ஈரத்துணி, அத இரும்போட கட்டியிருக்கீங்க! அந்தம்மா ரப்பர் செருப்புப் போடாம இருந்திருந்தா, இன்னைக்கு நான் வயரா வாங்கிட்டு வந்திருப்பேன்? மாலையில்லீங்களா வாங்கிட்டு வந்திருப்பேன்!"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "சரி, நல்ல டேப்பா ரெண்டு சுத்து சுத்திவுட்டு, பயமில்லைன்னு அவகிட்ட போன்ல சொல்லுங்க. முடிஞ்சுதில்ல!"

"பொய் சொல்றதுக்கு என் வாய வாடகைக்கு வுடறதில்லீங்க!"

பழைய வயர் முழுவதையும் உருவி எறிந்தார். நடுவில் ஒட்டே இல்லாத புது வயரை, இரும்புக் கம்பிக்கு எட்டாத தூரத்தில் இழுத்தார். வீட்டு வயரோடு சேர்த்தே ஆகவேண்டிய இடத்தில், சுவரில் மூடி போட்ட பெட்டி வைத்தார். உள்ளே செம்பு வெளியே தெரியாதபடி கனெக்டரில் திருகி, ஒவ்வொரு வயரையும் என்மேல் உள்ள கோபத்தோடு இழுத்துப் பார்த்தார். எதுவும் கழன்று வரவில்லை. பிறகுதான் போனை எடுத்தார்.

"வயரு இனிப் பயமில்லீங்கம்மா. உங்க ஊட்டுக்காரருக்கு நான் பொறுப்பில்லீங்க."

சாயங்கால பஸ்ஸில் கண்ணாயி வந்தாள். நல்ல கையால் என் கட்டிங் பிளேயரைத் தேடி எடுத்தாள். அதன் முதுகில் பலாப்பாலைத் தாராளமாகப் பூசி, அடுப்படிச் சுவரில் அறைந்து ஒட்டினாள்.

மூன்று மாதமாகிறது. அவள் இல்லாத நேரம் பார்த்து இழுத்துப் பார்த்தேன். சுவர்தான் வருகிறது.