கத்தரீனாளுக்காக ஒரு பூசை

திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்து மருந்து அடித்துக்கொண்டிருந்த ஆண்டனி ராஜ், ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஸ்பிரேயரை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தான். பார்த்தது திராட்சை விலையை அல்ல. லண்டனில் நடக்கும் பெண்கள் டென்னிஸ் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று பந்தயக்காரர்கள் போட்டிருந்த விலையை.

அந்த விலையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜெயிப்பாள் என்று எல்லாரும் நம்புகிறவளுக்கு எண் சிறியது. கட்டிய காசுக்கு இரண்டு மடங்கு கிடைத்தாலே பெரிது. யாரும் நம்பாதவளுக்கு எண் பெரியது. போட்டி தொடங்கிய அன்று கத்தரீனா என்ற பெண்ணுக்கு ஒன்பது மடங்கு என்று போட்டிருந்தார்கள். திராட்சை வியாபாரி கொடுத்திருந்த முன்பணம் முழுவதையும் அன்றைக்கே அவள் மேல் கட்டிவிட்டான் ஆண்டனி ராஜ். உரத்துக்கும் கூலிக்கும் வைத்திருந்த பணம். மனைவி மெர்லினுக்குத் தெரியாது.

அவன் நல்ல நேரம், பட்டியலின் தலையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தோற்று மூட்டை கட்டினார்கள். கத்தரீனா முதல் பெயராகவே ஏறிவிட்டாள். சுருளிப்பட்டி டீக்கடையில் அவன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்த தினுசே மாறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது வினை. அன்றைய ஆட்டத்தை ஜெயித்த கையோடு கத்தரீனா கணுக்கால் மடங்கி விழுந்தாள். இரண்டு பேர் தாங்கித்தான் கூட்டிப் போனார்கள். இரண்டாக இருந்த எண் விடிவதற்குள் ஆறாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அடுத்த ஆட்டம்.

செவ்வாய் புனித அந்தோணியாருக்குப் பூசை நடக்கும் நாள். திங்கட்கிழமை காலையிலேயே கோயிலுக்குப் போய், சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் இம்மானுவேல் முன்னால் நின்றான்.

"நாளைக்கிப் பூசையில வேண்டிக்க ஒரு கருத்து குடுக்கணும். கத்தரீனாளுக்குக் கால் சொகமாகணும்னு."

"எந்தக் கத்தரீனா? மேலத்தெருப் பிள்ளையா?"

"இல்ல. லண்டன்ல இருக்கா."

"நர்ஸா?"

லண்டனில் கத்தரீனா என்று ஒருத்தி இருந்தால் அவள் நம் சனத்துப் பிள்ளைதான், நர்ஸ்தான். அந்த ஊரில் அதற்கு மேல் யாரும் யோசிக்க மாட்டார்கள். ஆண்டனி ராஜ் தலையை ஆட்டி வைத்தான்.

"காலுக்கு என்ன?"

"சுளுக்கு."

"ஏலே, சுளுக்குக்கெல்லாமா பூசை? தைலத்தத் தேச்சு உருவி விடச் சொல்லு."

"எலும்பு பெசகியிருக்குமோன்னு சந்தேகப்படுறாக. ஒண்டியா இருக்கா, பாவம்."

உபதேசியார் இளகிவிட்டார். "நாளைக்கி வேற ஆளு குடுத்திருக்காக. கேட்டுப் பாக்குறேன்."

செவ்வாய் மாலை கோயில் நிறைந்திருந்தது. லண்டனில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவன் சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டிருந்தது. "கடல் கடந்த நாட்டில், உற்றார் துணையின்றி நோயுற்றிருக்கும் மகள் கத்தரீனாளுக்காக" என்று சாமியார் வாசித்ததும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலே ஒரே குரலில் சொன்னது. மெர்லினும் சொன்னாள். சொல்லிவிட்டு, யார் இந்தச் சொந்தக்காரி என்பதுபோலப் புருசனைத் திரும்பிப் பார்த்தாள்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் அவன் போனைப் பார்த்தான். கத்தரீனா ஜெயித்திருந்தாள். எண் இரண்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. முகம் தானாக மலர்ந்தது.

அந்த நேரம் பார்த்து இன்னாசியம்மாள் வந்தாள். பக்கத்துத் தோட்டத்து மரிய ஜோசப்பின் மனைவி. கையில் மந்திரித்த எண்ணெய்ப் புட்டி.

"லண்டன் சேதியா தம்பி? பிள்ளை நடக்குறாளா?"

"ஓடுறா, மதினி." வாய் முந்திக்கொண்டது.

இன்னாசியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஓடுறாளாம்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உபதேசியார் அவன் தோளைத் தட்டினார். "அந்தோணியார் செஞ்ச புதுமைப்பா, அற்புதம். ஞாயித்துக்கெழம மைக்கப் புடிச்சு நீயே சாட்சி சொல்லிரு."

"இந்த எண்ணெயையும் அனுப்பிவிடு தம்பி" என்றாள் இன்னாசியம்மாள். "இன்னைக்கு எங்க வீட்டுக்காரவுகளுக்குத்தான் பூசை குடுத்திருந்தேன். நாளைக்கி டயாலிசிஸுக்குத் தேனி போகணும், ரொம்பத் தளந்துட்டாக. உபதேசியார் வந்து சொன்னதும் அவுகதான் விட்டுக்குடுன்னாக. 'நமக்கு ஊரே இருக்கு, அந்தப் பிள்ளைக்கு அங்கன யாரு இருக்கா'ன்னு."

ஆண்டனி ராஜ் புட்டியை வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். ஊர் ஒருநாளும் கண்டுபிடிக்காது. ஆனால் நீட்டிய அந்தக் கையிலிருந்து வாங்க அவன் கை எழவில்லை.

"மதினி, அவ நர்ஸ் இல்ல. நமக்குச் சொந்தமும் இல்ல. டென்னிஸ் ஆடுறவ. அவ மேல பந்தயம் கட்டியிருக்கேன்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "அப்ப அந்தோணியாருக்கு எம்புட்டுப் பங்கு மாப்ள?"

கூடச் சிரிக்க யாரும் இல்லை. மெர்லின் மட்டும் கேட்டாள்: "எந்தப் பணம்?"

"வியாபாரி குடுத்தது."

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஆண்டனி ராஜ் தரையைப் பார்த்தபடி நின்றான். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். இன்னாசியம்மாள் மட்டும் நகரவில்லை.

"அந்தப் பிள்ளைக்குக் காலு வலிச்சது நெசந்தானா?"

"நெசந்தான்."

"அப்ப நாங்க வேண்டுனது பழுதில்ல."

அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அடுத்த செவ்வா அண்ணனுக்கு நான் பூசை குடுக்குறேன், மதினி" என்றான்.

"எந்தக் காசுல?"

அவன் கையிலிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டான். "அவ விழுந்தத போன்ல பாத்தேன், மதினி. சின்னப் பிள்ளை, வலியில கத்துறா. எனக்கு ஐயோன்னு வரல. எம்புட்டுப் போச்சுன்னுதான் வந்துச்சு."

இன்னாசியம்மாள் எண்ணெய்ப் புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"காசு போனா அடுத்த காய்ப்புல சம்பாரிச்சுக்கிரலாம் தம்பி. அடுத்தவுக வலியப் பாத்ததும் ஐயோங்குற மனசு இருக்கே, சூதாட்டம் மொதல்ல அதத்தான் தின்னுது. அது போனப்பெறகு எம்புட்டு ஜெயிச்சு என்னத்துக்கு?"