தரை வழியே போன குழாய்

கார்லா வெஸ்ட்பி அந்தக் குழாயைச் சுவர் வழியாகத்தான் விட்டிருக்க வேண்டும். ஹீட்டரோடு வந்த புத்தகத்தில் படம் போட்டே சொல்லியிருந்தார்கள். அவளும் படித்திருந்தாள்.

பில்லிங்ஸ் நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் பதினாறு வருடம் உதவியாளராக இருந்தவள் அவள். விவாகரத்துக்குப் பிறகு ஒரு பழைய பள்ளிப் பேருந்தை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிப் போட்டு, ஒன்றரை வருடம் பாடுபட்டு வீடாக்கினாள். கட்டில் செய்தது, தண்ணீர்த் தொட்டி வைத்தது, கூரைக்குப் பஞ்சு அடைத்தது என்று ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டாள். ஆணி அடிக்கத் தெரியாதவள் என்று முன்னாள் கணவன் கேலி செய்வான். இப்போது முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் அவளிடம் சந்தேகம் கேட்டார்கள். அந்த ருசி அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

டில்லன் ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரரின் புல்வெளியில் அவளைப் போல ஏழு பேருந்துக்காரர்கள் குடியிருந்தார்கள். அவளும் அங்கே போய்ச் சேர்ந்தாள். மொன்டானாவின் குளிரை விறகடுப்பு மட்டும் வைத்துத் தாண்ட முடியாது. அக்டோபரில் அவள் ஒரு புரொப்பேன் ஹீட்டர் வாங்கினாள். உள்ளே எரியும் வாயுவின் புகை ஒரு குழாய் வழியாகப் பக்கச் சுவரைத் தாண்டி வெளியே போக வேண்டும். ஆனால் அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தில்தான் கோடை முழுக்க உட்கார்ந்து, பறக்கும் நாரைகளை வரைந்திருந்தாள். ஓட்டை போட்டால் சரியாக ஒரு நாரையின் நெஞ்சில் விழும். அவளுக்கு மனசு வரவில்லை. தரையில் துளைபோட்டுக் குழாயைக் கீழே இறக்கி, பேருந்துக்கு அடியிலேயே முடித்துவிட்டாள்.

"பாத்தீங்களா, சுவர்ல ஒரு கீறல்கூட இல்ல!" என்று வீடியோவில் சிரித்தாள். அதுவரை அவள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

நாலாம் நாள் டெலா புரூயிட் ஒரு வாளி இரவல் கேட்டு வந்தாள். பக்கத்துப் பேருந்துக்காரி. குளிர்காலம் முழுக்கப் பண்ணைகளுக்கு வாயு கொண்டுபோகும் டேங்கர் ஓட்டுபவள். வாளியைக் கேட்க வாயெடுத்தவள் குனிந்து பார்த்தாள்.

"என்னடி இது, உன் பஸ்ஸுக்கு அடியில மட்டும் பனி உருகிக் கெடக்கு?"

கேட்டுக்கொண்டே மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"உனக்கு உயிர்மேல ஆசை இல்லையா? இந்தப் புகைக்கு வாசனை கெடையாது, நெறம் கெடையாது. அடியில தேங்கி, தரையில இருக்கற இண்டு இடுக்கு வழியா மேல வரும். தூங்கறவ தூங்கினபடியே போயிடுவா. ஜன்னல தெறந்து போட்டுத் தூங்கற பழக்கம் உன்னக் காப்பாத்திருக்கு."

அன்றே இருவரும் ஹீட்டரை நகர்த்திச் சுவரோடு சேர்த்து வைத்தார்கள். இரும்புத் தகட்டை அறுக்கும்போது நாரையின் நெஞ்சு ஒரு வட்டத் துண்டாகக் கீழே விழுந்தது. டெலா இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். கிளம்பும்போது கேட்டாள்.

"அந்த வீடியோவ நெட்டுலேர்ந்து எடுத்துட்டியா?"

"எடுத்துர்றேன்."

எடுக்கவில்லை. முதல் நாள் சோம்பல் என்று சொல்லிக்கொண்டாள். அப்புறம், புத்தகத்தைப் படிக்காமலா மாட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டாள். அதைத் தூக்கினால் ஏன் என்று கேட்பார்கள், தவறாகச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அதுதான் உண்மைக் காரணம். ஓட்டை விழுந்த பக்கம் யார் கண்ணிலும் படாதபடி பேருந்தை வேலியோரம் திருப்பி நிறுத்தினாள். டெலா மறுபடி கேட்டபோது, "அது அன்னைக்கே போச்சு" என்று பொய் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, வெள்ளைப் பேருந்து ஒன்று புல்வெளிக்குள் வந்து நின்றது. கதவு திறக்குமுன்பே உள்ளிருந்து ஒரு பெண் கையாட்டினாள்.

"கார்லா நீங்கதானே! ரஸ்ஸல், அவங்களேதான், இறங்கு!"

ஐடஹோவிலிருந்து வந்த தம்பதி. ரஸ்ஸல் டீக் தச்சன். மனைவி நோரீனுக்கு ஆறு மாதம். வயிறு இடிக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து கார்லாவைக் கட்டிக்கொண்டாள்.

"உள்ள வாங்க. எல்லாம் உங்க வீடியோவ பாத்துப் பாத்துச் செஞ்சது. ஒவ்வொண்ணா காட்றேன்."

கட்டில், அலமாரி, சின்னச் சமையல் மேடை என்று காட்டிக்கொண்டே வந்தாள். கார்லாவின் கண் மேடைக்கு அடியில் போயிற்று. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்த சுவர் முழுசாக இருந்தது. குழாய் தரைக்குள் இறங்கியிருந்தது. நோரீன் ஒரு தட்டை நீட்டினாள்.

"வாழைப்பழ ரொட்டி சாப்பிடுங்க. நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பத்து நாளா காலையில எழுந்தாலே தலை வெடிக்குது. வயித்துல புள்ள இருந்தா இதெல்லாம் சகஜந்தான்னு என் அக்கா சொல்றா."

"விஷவாயு அலாரம் வச்சிருக்கீங்களா?" கார்லாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"வச்சிருந்தோம்," என்று ரஸ்ஸல் சிரித்தான். "சும்மா சும்மா கத்துச்சு. மட்டமான சரக்கு. பேட்டரிய கழட்டிட்டேன்."

அந்த ஒரு கணம் கார்லாவுக்கு நெஞ்சு லேசானது. அப்படியானால் தப்பு இவனுடையது. எச்சரித்த அலாரத்தை இவனல்லவா கழற்றினான்! அடுத்த கணமே, மேடையைப் பிடித்தபடி மெல்ல உட்காரும் நோரீனைப் பார்த்துக்கொண்டு தனக்கு நிம்மதி வந்ததை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கார்லா போய் ஹீட்டரை நிறுத்தினாள். கதவையும் ஜன்னல்களையும் திறந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றான் ரஸ்ஸல்.

"ஒண்ணுமில்ல. இத... இத இன்னும் நல்லா வைக்க ஒரு வழி இருக்கு. நானே மாத்தித் தர்றேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய வெயில்ல உக்காருங்க."

அவளால் அப்போது சொல்ல முடிந்தது அவ்வளவுதான். ஓடிப்போய் டெலாவை அழைத்து வந்தாள். டெலா ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். அறுக்கும் கருவியை மின்சாரத்தில் செருகினாள். தகடு பாதி அறுபட்டபோது, வெளியே நாற்காலியில் கம்பளி போர்த்தியிருந்த நோரீன் சத்தம்போட்டுச் சொன்னாள்.

"யாரு இப்படிச் செய்வாங்க? கேட்காமயே உதவி! பொண்ணா பொறந்தா பேர்ல கார்லான்னு சேக்கப் போறோம், ரஸ்ஸல்கிட்ட சொல்லிட்டேன்."

டெலா கருவியை நிறுத்திக் கீழே வைத்தாள். கார்லாவைப் பார்த்தாள். "நான் போய் என் டிரக்க சூடு பண்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

எதற்கு டிரக் என்று கார்லாவுக்குப் புரிந்தது. சொல்லாமல் விட்டால் ஹீட்டர் சரியாகிவிடும், தன் பேரும் தப்பிவிடும். ஆனால் நோரீன் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாள். பத்து நாளாக அவள் இரத்தத்தில் ஏறியது என்ன என்று யாரும் பார்க்க மாட்டார்கள். தலைவலியைப் பிள்ளையின்மேல் போட்டுவிட்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பாள்.

கார்லா இறங்கிப்போய் நோரீனின் முன்னால் பனியில் மண்டியிட்டாள்.

"உங்க தலைவலி புள்ளையால இல்ல. புகையால. கார்பன் மோனாக்சைடு. நான் காட்டிக்கொடுத்த வழி தப்பு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

நோரீனின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. ரஸ்ஸல் கேட்டான், மெதுவாக.

"தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இன்னொரு பொய்க்கு அங்கே இடமிருந்தது. இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

"மூணு வாரமா."

"நாங்க இத மாட்டி ரெண்டு வாரம் ஆகுது," என்றான் அவன். மனைவியைத் தூக்காத குறையாக டிரக்கில் ஏற்றினான். டெலா கார்லாவின் பக்கம் திரும்பாமலே வண்டியை எடுத்தாள்.

பாதி அறுத்த சுவரோடு அந்தப் பேருந்தில் கார்லா தனியாக நின்றாள். வேறென்ன செய்வதென்று தெரியாமல் வேலையை முடித்தாள். ஹீட்டரை நகர்த்தினாள், குழாயை வெளியே விட்டாள், தரைத் துளையைத் தகடு வைத்து அடைத்தாள். இணைப்புகளில் மூன்று தடவை சோப்புத் தண்ணீர் தடவினாள். குழாயை மாற்றிய பிறகு வாங்கித் தன் பேருந்தில் வைத்திருந்த அலாரத்தைக் கழற்றி வந்து அங்கே மாட்டினாள்.

மாலையில் டெலா போன் செய்தாள். "ஆக்சிஜன் குடுக்கறாங்க. புள்ளையோட இதயத்துடிப்பு நல்லா இருக்காம். ஆனா இப்பவே எதுவும் உறுதியாச் சொல்ல முடியாதுங்கறாங்க, ரெண்டு நாள் வச்சுப் பாக்கணுமாம்." பிறகு, "எங்கிட்டயும் பொய் சொன்னியே, கார்லா" என்றாள். டெலா வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரஸ்ஸல் பேருந்தை எடுக்க வந்தான். கார்லா பார்த்துக்கொண்டிருக்கவே ஒவ்வொரு இணைப்பிலும் தானே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். எழுந்து கையைத் துடைத்தான்.

"சுத்தமா செஞ்சிருக்கீங்க. அதான் எனக்குத் தாங்கல. சரியா செய்யத் தெரிஞ்சவங்க நீங்க."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவன் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு ஏறிப் போனான்.

அந்தப் பழைய வீடியோவை அவள் இணையத்திலிருந்து நீக்கிவிட்டாள். ஆனால் ஏற்கெனவே பார்த்துச் செய்தவர்களின் தரையில் அந்தக் குழாய் அப்படியேதான் இருக்கும். நெஞ்சில் ஓட்டை விழுந்த நாரையின் முன்னால் நின்று புதிதாக ஒரு வீடியோ எடுத்தாள். என்ன தப்பு, எப்போது தெரியும், ஏன் மறைத்தேன் என்று மூன்றையும் சொன்னாள். கொலைகாரி என்று எழுதினார்கள். அவள் ஒன்றையும் அழிக்கவில்லை. பழைய வீடியோவை நீக்குமுன் அதன்கீழ், நானும் இப்படியே செய்துவிட்டேன் என்று நன்றி சொல்லியிருந்த முப்பத்தோரு பேரின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொருவருக்கும் எழுதினாள். எண் கிடைத்தவர்களைப் போனில் கூப்பிட்டாள். "மொதல்ல அத நிறுத்துங்க, கதவத் தெறங்க. திட்டறத அப்புறம் திட்டலாம்" என்றுதான் ஆரம்பிப்பாள். பலர் திட்டினார்கள். வயோமிங்கிலிருந்து ஒரு கிழவர் மட்டும் அழுதார். அவருடைய பூனை ஏன் செத்தது என்று அவருக்கு அதுவரை தெரியாமல் இருந்தது.

பிப்ரவரியில் நோரீனிடமிருந்து ஒரு வரி வந்தது. 'பெண். நலமாக இருக்கிறாள்.' படமில்லை, பெயரில்லை. கார்லா அதை நின்றுகொண்டே பலமுறை படித்தாள். மகிழ்ச்சி என்று எழுதப் போய், அந்த வார்த்தையைச் சொல்லத் தனக்கென்ன உரிமை என்று அழித்துவிட்டு, நன்றி என்று மட்டும் அனுப்பினாள்.

தாளில் இன்னும் மூன்று பெயர்கள் அடிக்கப்படாமல் இருக்கின்றன. அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. வாரம் தவறாமல் எழுதிக்கொண்டிருக்கிறாள்.