சித்தனேந்தல் கண்மாயின் முழு நீர்மட்டம்

1969ஆம் ஆண்டு ஆனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை முதல், சித்தனேந்தல் கண்மாய்க்குள் ஒரு துளி நீரும் இல்லாதிருக்க, அதற்குள் இறங்கியவர்கள் நனைந்தார்கள். மடையின் அருகே நடந்தவர்கள் கழுத்துவரை நனைந்தார்கள், நடுக்கண்மாயில் இடுப்புவரை, மேற்கு ஓரத்தில் கணுக்கால்வரை. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புகளுக்கிடையே ஓணான் ஓடிற்று, ஓணானும் நனைந்திருந்தது. கையை நீட்டினால் வெறுங்காற்றே பட்டது. ஆனால் வெளியே ஏறி வந்து பார்த்தால் வேட்டி பிழியும் பதத்தில் இருந்தது. பிழிந்ததைச் சுவைத்தவர்கள் கண்மாய்த் தண்ணீர்தான் என்றும், சற்றே கலங்கல் என்றும் கூறினார்கள். அருப்புக்கோட்டைச் சந்தையில் அந்த வாரம் மிளகாய் வற்றல் வரத்துக் குறைவாயிருந்தது.

இதற்குக் காரணமானவன் நாகசுப்பிரமணியன் என்னும் இருபத்தேழு வயது இளைஞன். அருப்புக்கோட்டையில், வீட்டிற்குள் கன்னடமும் வாசலுக்கு வெளியே தமிழும் பேசும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். நில அளவைப் பிரிவில் தற்காலிகப் பணியில் இருந்தான். மூன்றாண்டுகளாக மழை பொய்த்திருந்த அக்காலத்தில், நீர்நிலைகள், மழைநீர் வரத்துக்கால்கள், அவற்றையொட்டிய நிலங்களின் பயன்பாடு ஆகியவற்றுக்குரிய விதிகளில் பன்னிரண்டு நாள் பயிற்சி ஒன்று நடைபெற்றது. கணக்குப்பிள்ளைகளும் அளவையர்களுமாக முப்பத்தொருவர் பயின்றார்கள். ஓய்வுபெற்ற ஓவர்சியர் இன்பராஜ் விதிகளைப் பதிகம் ஓதுவிப்பதுபோல் மூன்று முறை சொல்லி, மூன்று முறை சொல்லச் செய்தார். கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது நீர் வழியும் இடம் கலிங்கு. அக்கலிங்கின் தலைக்கல் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அவ்வுயரம் கண்மாயைச் சுற்றித் தரையைத் தொடும் இடமெல்லாம் முழு நீர்மட்டக் கோடு. கோட்டுக்கு உட்பட்ட மண்ணில் எவர்க்கும் பட்டா இல்லை. வீடு கட்டுதல் கூடாது. அதற்குள் நீர் கொணரும் வரத்துக்காலை அடைத்தலும் கூடாது. பயிற்சி முடிவில் ஒவ்வொருவரும் ஒரு கண்மாய்க்குக் கோடு இட்டுக் காட்ட வேண்டும். தேறியவர்க்குச் சான்றிதழும் நிரந்தரப் பணி ஆணையும் உண்டு.

பாலவனத்தத்திலிருந்து வந்த கணக்குப்பிள்ளை ஐயாத்துரை எழுந்து, "ஐயா, தண்ணியே இல்லாத கண்மாய்க்கு எந்தத் தண்ணிய வச்சுக் கோடு போட?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரரான இன்பராஜ் சிரிக்கவில்லை. "நிக்குன்னு நெனச்சுக்கிட்டுப் போடும்வே. நெனைக்கதுக்குமா மழை வேணும்?" என்றார். முப்பது பேர் அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். நாகசுப்பிரமணியன் அதையும் விதிகளுள் ஒன்றாகக் குறித்துக்கொண்டான்.

சித்தனேந்தல் அவனுக்கு வாய்த்தது. மட்டம் பார்க்கும் கருவி முப்பத்தொருவருக்கும் சேர்த்து ஒன்றே. நண்பகலுக்குள் அது அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். அவன் வடக்கு ஓரத்தையும் தெற்கு ஓரத்தையும் கருவி வைத்துப் பார்த்து முடித்தான். மேற்கில் இரு மர முளைகளைப் பிழையின்றி நட்டான். அவ்விரண்டுக்கும் இடையே ஏழு அளவைச் சங்கிலி தூரம் எஞ்சியிருக்கையில் கருவியைச் சுமந்து செல்ல வண்டி வந்துவிட்டது. ஆகவே முளைக்கு முளை கயிறு கட்டி, நான்கு பேரை நிறுத்தி இழுத்துப் பிடிக்கச் சொல்லி, கயிற்றின்மேல் சுண்ணாம்பு தூவினான். தூவுகையில் அக்கோடுவரை நீர் தளும்பி நிற்பதாக மனமார எண்ணினான். மறுநாள் காலையில் ஊர் நனைந்தது.

மற்ற முப்பது கண்மாய்களில் கோடுகள் வெறும் சுண்ணாம்பாகவே கிடந்தன. இன்பராஜ் சித்தனேந்தலுக்கு வந்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கி, தொடைவரை நனைந்து ஏறி, தம் குறிப்பேட்டில் 'மிகவும் திருப்தி' என்று எழுதினார். அம்மாதமே நிரந்தரப் பணி ஆணை வந்தது. ஊரார் திகைத்தது ஒரு வார காலம் இருக்கும். திருச்சுழிப் பெருமான் ஊழி வெள்ளத்தைச் சூலத்தால் குத்திச் சுழித்து நிலத்துள் இறக்கிய மண்ணல்லவா இது. இறங்கிய தண்ணீர் உடம்பைக் கீழே விட்டுவிட்டு ஈரத்தை மட்டும் மேலே அனுப்பியிருக்கிறது என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். குறுக்கு வழியே நடப்போர் மாற்றுத் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளலாயினர். எருமைகள் நாள் முழுதும் வெடித்த தரையில் படுத்துக் கிடந்தன. நெல் நாற்றை ஒருவர் நட்டுப் பார்த்தார். அது நனைந்தபடியே கருகிற்று. அதன்பின் எவரும் நடவில்லை.

மேற்குக் கோட்டை ஒட்டி இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று பூமிநாதன் மிளகாய் போட்டிருந்த பள்ளம். அவர் அவ்வூரில் நிலமும் பேச்சும் உடையவர். கண்மாயோடு ஒட்டிய அப்பள்ளத்தை அவர் தகப்பனார் ஒரு பஞ்ச காலத்தில் வேலியிட்டு வளைத்தார் என்பது எல்லோர்க்கும் தெரிந்த செய்தி. அந்தப் பள்ளம் கோட்டுக்கு வெளியே விழுந்தது. அதில் நடந்தவர்கள் நனையவில்லை. மற்றொன்று ஒச்சம்மாளின் வீடு. கணவனை இழந்து இரண்டு பெண்மக்களோடு பருத்திக் கூலிக்குப் போய் வாழ்ந்த அவளுக்கு, மாமனார் வழியில் வந்த அந்த மேடும் அதன்மேல் நின்ற ஓலை வேய்ந்த ஒற்றை அறையுமே உடைமை. அந்த வீடு கோட்டுக்கு உள்ளே விழுந்தது.

அவ்வீட்டில் நனைவு பிறழ்ந்திருந்தது. தரை உலர்ந்து கிடக்க, கூரை முகட்டிலிருந்து கீழ்நோக்கி ஒன்றரை அடிக்கு மட்டும் எல்லாம் நனைந்தது. கூரை வளையில் செருகிய தீப்பெட்டி பற்றவில்லை. பரணிலிருந்த கம்பு முளைவிட்டது. ஒச்சம்மாள் நிமிர்ந்து நின்றால் கூந்தல் நனைந்தது, குனிந்தால் உலர்ந்தது. அவள் பெண்கள் இருவரும் குட்டையானவர்கள், ஆகையால் அவர்களுக்குத் தொல்லையில்லை.

விதிப்படி நாகசுப்பிரமணியன்தான் அவளிடம் நோட்டீஸ் சேர்க்க வேண்டியிருந்தது. முப்பது நாளுக்குள் இடத்தைக் காலி செய்யாவிடில் வீடு இடிக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது. அவள் வாசலில் அடுப்புக்குப் பருத்திமாரை ஒடித்துக்கொண்டிருந்தாள். வாங்கியதைப் பிரிக்காமலே இடுப்பில் செருகினாள்.

"ஏய்யா சர்வேயரு, காலு நனைஞ்சா கண்மாய்னு எழுதுவீக, சரி. தல நனைஞ்சா என்னன்னு எழுதுவீக? ஆகாயம்னா?"

"எங்க படிவத்துல அப்படி ஒரு கலம் இல்லம்மா."

"இல்லேல்ல? அப்ப நாங்க எந்தக் கலத்துல இருக்கோம்? பூமிநாதன் ஐயா பள்ளத்துல காலு நனையல, என் மேட்டுல தல நனையுது. தண்ணி கூட ஆளு பாத்துத்தான் நிக்கிதாக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவுக வீட்ல சாப்டீகளா?" என்று கேட்டாள்.

அவன் சாப்பிட்டதில்லை, ஒரு வாய் மோர்கூட வாங்கியதில்லை. எனினும் அக்கேள்வி அருப்புக்கோட்டைவரை அவனுடன் பஸ்ஸில் வந்தது. முளைகள் சரி என்பதில் அவனுக்கு ஐயமில்லை. தண்ணீரும் அவன் கோட்டைத் தாண்டாமல் நின்று அதைச் சரி என்றது. அங்ஙனமாயின் மேட்டில் நீர் ஏன் தலைகீழாக நின்றது? கலிங்கின் உயரத்தையும் மேட்டின் உயரத்தையும் தாளில் எழுதிக் கழித்தான். கழித்தல் குறியோடு ஒன்றரை அடி வந்தது. தரையானது நீர்மட்டத்திற்கு மேலே இருக்குமானால் அங்கே நீரின் ஆழம் பூச்சியத்துக்கும் கீழ். அப்படியொரு ஆழத்தில் நிற்குமாறு பணிக்கப்பட்ட தண்ணீர் வேறு என்னதான் செய்யும்? தண்ணீர் பிழையா, தான் பிழையா என்பது அவனுக்கு விளங்கவில்லை. எண்ண எண்ண, பாயின்மேல் கிடந்த வரைபடம் ஒருமுறை மேற்காகவும் ஒருமுறை கிழக்காகவும் திரும்புவதுபோல் இருந்தது.

அவன் மனைவி பஞ்சம்மாள் விடியலில் நெசவுப் பாவுக்குக் கஞ்சி போட்டுவிட்டு, கையைத் துடைத்தவாறே வந்து அவ்வரைபடத்தை முதன்முறையாகப் பார்த்தாள். தெருவின் இம்முனைக்கும் அம்முனைக்கும் பாவு நூலை நீட்டி, இரு பக்கமும் ஆள் நின்று இழுத்து, தொய்வு கண்ட இழையைத் தட்டி நேராக்குவது அவர்களுடைய அன்றாட வேலை. அவள் மேற்குக் கோட்டின்மேல் விரலை ஓட்டினாள். தங்கள் கன்னடத்தில் அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவே: "நல்லா இழுத்திருக்கீங்க. ஏழு சங்கிலிக்கு ஒரு தொய்வு இல்ல."

நாகசுப்பிரமணியன் அன்று காலைப் பலகாரத்தைத் தொடவில்லை. நீரின் கோடு தரையின் சொற்படி வளைய வேண்டுவது. பள்ளத்தில் வெளியே போய், மேட்டில் உள்ளே ஒதுங்கி வர வேண்டுவது. அவனோ அதைப் பாவு இழுப்பதுபோல் இழுத்துவிட்டான். வகுப்பில் கற்ற பன்னிரண்டு நாளையும், பத்து வயது முதல் தெருவில் நின்று பழகிய கை ஒரு நொடியில் வென்றுவிட்டது. குற்றம் இன்னதென்று தெரிந்தபின் தெளிவு பிறக்கும் என்பார்கள்; அவனுக்கோ குழப்பம் இருமடங்காயிற்று. பிழையை எழுதிக் கொடுத்தால் சான்றிதழ் போகும், ஆணை போகும். வாயை மூடிக்கொண்டால் நோட்டீஸில் இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அதற்கும் மேலாக ஒன்று அவனை வாட்டியது. தவறான கோட்டுக்குத் தண்ணீர் ஏன் உடன்பட்டது? அவன் திருச்சுழிக்குச் சென்று திருமேனிநாதர் சன்னிதியில் அரைநாள் நின்றான். பெருமான் விடை எதுவும் அருளவில்லை. தீபாராதனை முடிந்ததும் நடை சாத்தினார்கள்.

நோட்டீஸின் இருபத்தாறாம் நாள், கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவன் தனியே சித்தனேந்தலுக்குப் போனான். அளவுகோலைப் பிடிக்க ஒச்சம்மாளே வந்தாள். பத்தடிக்கு ஒரு முளை வைத்தார்கள். பள்ளத்தில் வேலியைத் தாண்டி மிளகாய்ச் செடிகளுக்கிடையே கோடு மேற்கே போயிற்று. மேட்டில் அவள் வீட்டு வாசலுக்கு ஆறடி இப்பாலேயே ஒதுங்கி வந்தது. பழைய சுண்ணாம்பை அவன் காலால் தேய்த்து அழித்துப் புதியதைத் தூவி முடித்தபோது ஒச்சம்மாள் வீட்டினுள் சென்று மெல்ல நிமிர்ந்தாள். கூந்தல் நனையவில்லை. அவள் வளையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினாள், அது பற்றவில்லை. "காயணும்ல" என்றாள்.

பூமிநாதன் தம் பள்ளத்தில் முழங்கால்வரை நனைந்தவாறு வந்தார். கோபத்தில் அவர் கத்துவதில்லை.

"தம்பி, நூலு அறுந்தா முடிச்சுப் போட்டுக்கிருவீக. கோடு அறுந்தா என்னத்தப் போடுவீக?"

"உண்மையான மட்டம் இதுதாங்க."

"அப்ப நேத்துவரைக்கும் நின்ன தண்ணி பொய்த் தண்ணியா? ஆபீஸ்ல கேப்பாக, பதில யோசிச்சுக்கிட்டு வாங்க."

கேட்கத்தான் செய்தார்கள். ஆவணி மாதத்தில் விசாரணை நடந்தது. மேசைமேல் இரண்டு வரைபடங்கள் இருந்தன; இரண்டிலும் அவன் கையொப்பம். விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "உம்ம தப்பத் தண்ணியே ஏத்துக்கிட்டு ரெண்டு மாசம் நின்னுருக்கு. நீர் ஏன்யா ஏத்துக்கமாட்டேங்கிறீர்? பேசாம முதல் படத்தையே வச்சுக்குவோம், உமக்கும் வேல நிக்கும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். ஒரு கண்மாய்க்கு ஒரு கோடு இருந்தால் கோப்பு முடியும் என்பதே அவர் விருப்பம்.

நாகசுப்பிரமணியன் முதல் வரைபடத்தை அவர் பக்கமாக நகர்த்தினான். "தண்ணி எதுக்கு நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலங்க. இன்னைக்கும் தெரியல. ஆனா மொதல் கோட்ட நான் தரையப் பாத்துப் போடல, கயித்தப் பாத்துப் போட்டேன். அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்" என்றான். அதை எழுத்தில் தரச் சொன்னார்கள், தந்தான். முதல் வரைபடம் ரத்தாயிற்று, அதனைச் சார்ந்து பிறந்த நோட்டீஸும் ரத்தாயிற்று, சான்றிதழும் ரத்தாயிற்று. நிரந்தர ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அளவையர்க்குப் பின்னே சங்கிலி இழுக்கும் ஆளாக அவனை வைத்துக்கொண்டார்கள். பூமிநாதன் மேல்முறையீடு செய்தார். பள்ளத்தைப் பார்வையிட வந்த மூன்று அதிகாரிகளும் முழங்கால்வரை நனைந்து திரும்பியமையால் அது நிலைக்கவில்லை. மறு ஆண்டு அவர் வேலியைத் தாமே பிடுங்கி மாட்டுத் தொழுவத்துக்கு வைத்துக்கொண்டார்.

இன்பராஜ் பின்னும் ஆறு பயிற்சிகள் நடத்தினார். 'நெனச்சுக்கிட்டுப் போடும்' என்ற சொல்லை மட்டும் எவர் முன்னும் அவர் மறுபடி சொல்லவில்லை. நாகசுப்பிரமணியன் வெயிலில் சங்கிலி இழுத்தான். மாலையில் பஞ்சம்மாளுடன் பாவு இழுத்தான். தரைமேல் சங்கிலி வளைந்து கிடந்தால் அதை நேராக்கு என்று அளவையர் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவன் கை சற்றே தயங்கிற்று. வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர்களும் அம்மை குத்த வந்தவர்களும் சித்தனேந்தலில் மாற்று வேட்டி கேட்டு வாங்கி உடுத்தினார்கள். ஒச்சம்மாளின் மூத்த பெண்ணைப் பரளச்சியில் கட்டிக்கொடுத்தார்கள். சம்பந்தி வீட்டார் குறுக்கு வழியே வந்து இடுப்புவரை நனைந்து பந்தியில் அமர்ந்தார்கள். எவரும் அதை ஒரு குறையாகப் பேசவில்லை.

இடைப்பட்ட ஆண்டுகளில் கண்மாயை எட்டாத மழை, 1977ஆம் ஆண்டு கார்த்திகையில் ஒன்பது நாள் பெய்தது. வரத்துக்கால்கள் நிறைந்து ஓடிச் சித்தனேந்தல் கண்மாய் ஒரே இரவில் பெருகிற்று. விடிந்தபோது, பள்ளத்தில் மேற்கே போயும் மேட்டில் கிழக்கே ஒதுங்கியும், தண்ணீர் கண்ணுக்குத் தெரியுமாறு நின்றது. ஒச்சம்மாள் வாசலில் நின்று பருத்திமாரை ஒடித்தாள். வெள்ளச் சேதம் கணக்கெடுக்க வந்த குழுவில் சங்கிலியோடு நாகசுப்பிரமணியனும் வந்திருந்தான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் கரையிலேயே தயங்கி நிற்க, அவன் வழக்கம்போல் குறுக்கே இறங்கி நடந்தான். குழுவினர் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். சித்தனேந்தலில் எவரும் புதிதாக நனைந்ததாகத் தெரிவிக்கவில்லை.