ஒப்பீட்டு வீடு

உலக சமாதானம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. பதினொரு மணிக்கு ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு விஞ்ஞானி செண்பகவடிவின் வீட்டுக்கு யுத்தம் வந்து சேர்ந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரையும் கொடுப்பார்கள். சமாதானத்துக்கும் அதே முறைதான். உலகம் முழுக்க அமைதியாகிவிட்டால், அது சமாதான இயந்திரத்தால் வந்ததா தானாக வந்ததா என்று எப்படிச் சொல்வது? ஆகவே ஓர் இடத்தை மட்டும் சமாதானம் கொடுக்காமல் விட்டுவைக்க வேண்டும். அதற்கு ஒப்பீட்டு இடம் என்று பெயர். தொண்ணூறு நாள் அங்கே யுத்தம் நடக்க வேண்டும். வேறெங்கும் நடக்கக் கூடாது. அப்போதுதான் சமாதானம் நிரூபணமாகும். நிரூபணமாகாத சமாதானத்தை வைத்துக்கொள்ள எந்த நாட்டுக்கும் அனுமதி இல்லை.

இந்த விதிகளை எழுதியவள் வடிவுதான். இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதினாள். ஒப்பீட்டு இடத்தைக் குலுக்கலில்தான் எடுக்க வேண்டும் என்பது ஆறாவது விதி. ஆய்வுக்கூடத்து ஆட்களின் வீடுகளுக்கும் விலக்குக் கிடையாது என்பது ஏழாவது. ஏழாவதை எழுதிய அன்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அண்ணனுக்கு ஃபோன் போட்டு வாசித்தே காட்டினாள். படித்தவர்கள் தங்கள் கழுத்துக்குத் தாங்களே அளவெடுத்துக் கொடுப்பது இப்படித்தான்.

குலுக்கலில் உலகத்தின் எல்லா இடங்களும் இருந்தன. கடல்களைக்கூடப் போட்டிருந்தார்கள். வெளியே வந்த சீட்டில் "ஊழியர் குடியிருப்பு, பி பிளாக், வீட்டு எண் பதினான்கு" என்று இருந்தது.

"உங்க வீடு மாதிரி இருக்கே மேடம்" என்றார் இயக்குநர் வேதநாயகம்.

"ஆமா சார்."

"வீட்ல யாரு இருக்கா?"

"எங்க வீட்டுக்காரர் மட்டும்தான். இன்னைக்கு லீவு."

"நல்லதாப் போச்சு. ரெண்டு தரப்பு வேணும். நீங்க ஒண்ணு, அவர் ஒண்ணு. சீக்கிரம் கிளம்புங்க, தளவாடமெல்லாம் வந்துக்கிட்டிருக்கு."

அவள் போய்ச் சேர்ந்தபோது மாடிப்படி முழுக்க பூட்ஸ்கள் கிடந்தன. மொட்டை மாடியிலிருந்து தெருமுனை வரை ஜோடி ஜோடியாகக் கிடந்தன. அவள் கணவன் ஆவுடையப்பன் தோளில் துண்டோடு வாசலில் நின்றான். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். எதற்கும் பதறாத ஆள்.

"வடிவு, யாரெல்லாமோ வந்திருக்காவ. பீரங்கியை எங்க வைக்கன்னு கேக்காவ."

"செருப்பைக் கழட்டச் சொன்னீளா?"

"சொன்னேன். பட்டாளமே கழட்டிட்டுத்தான் உள்ள போயிருக்கு."

உலகத்தில் நடந்துகொண்டிருந்த யுத்தங்களுக்கெல்லாம் அன்று காலையிலிருந்து போக்கிடம் இல்லை. அத்தனையும் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டுக்குள் வந்துவிட்டன. சமையலறை வடிவுக்கு என்றும் கூடம் ஆவுடையப்பனுக்கு என்றும் முடிவானது. நடுவில் இருந்த நடையில் எல்லைக் கோட்டை ஆவுடையப்பனே போட்டான். ஸ்கேல் வைத்து நேராகப் போட்டான். பிறகு இருவரும் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டார்கள். உறவுமுறை என்ற இடத்தில் "எதிரி" என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது.

சமையலறையிலிருந்து கூடத்துக்கு நான்கு எட்டு வைத்தால் போதும். அன்று மாலைக்குள் அது பதினொரு கிலோமீட்டர் ஆனது. நடுவில் முள்வேலி வந்தது. மூடுபனியும் வந்தது. அவள் தரப்புத் தளபதி கேஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்து வரைபடம் பார்த்தார். ஃபிரிட்ஜ் மேல் ஆய்வுக்கூடத்து ஆட்கள் பகைமானியை வைத்துவிட்டுப் போனார்கள். அதன் முள் ஐம்பதுக்கு மேலேயே நிற்க வேண்டும். பத்து நிமிடம் கீழே இருந்தால் சமாதான இயந்திரம் தானாக அணைந்துவிடும். அதுவும் அவள் எழுதிய விதிதான்.

முதல் நாள் நான்கு மணிக்கு இறந்தவர்களைப் பால்கனியில் கிடத்தினார்கள். துணி காயப்போடும் கொடிக்குக் கீழே இருபத்தாறு பேர். வடிவு அவர்கள் எழுந்திருப்பார்கள் என்று காத்திருந்தாள். சோதனைதானே என்று நினைத்தாள். இருட்டும் வரை நின்று பார்த்தாள். ஒருவனும் எழுந்திருக்கவில்லை.  ஓடிப்போய் இயக்குநருக்கு ஃபோன் போட்டாள்.

"சார், நெஜமாவே செத்துட்டாங்க."

"வேற எப்படிச் சாவாங்க?"

"நிறுத்திருங்க சார்."

"மேடம், உங்க வீட்டைத் தவிர இன்னைக்கு உலகத்துல யுத்தத்துல எத்தனை பேர் செத்திருக்காங்க தெரியுமா?"

"எத்தனை?"

"ஒருத்தர் இல்ல. நிறுத்தவா?"

வடிவு பால்கனிக் கதவைச் சாத்தினாள். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு ஃபோனை வைத்தார்.

நாற்பத்தோராம் நாள் காலையில்தான் அந்தத் தவறு நடந்தது. வடிவுக்குத் தைராய்டு உண்டு. மாத்திரை கூடத்து அலமாரியில், அதாவது எதிரி நாட்டில் இருந்தது. நாற்பது நாளாக அதைப் போடாமல் அவள் முகம் வீங்கிப் போயிருந்தது. இது எப்படியோ ஆவுடையப்பனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் மாத்திரை அட்டையை ஒரு காலிக் குண்டுக்கூட்டுக்குள் வைத்துப் பீரங்கியால் சுட்டான். அது மூடுபனியைத் தாண்டி வந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. "வெறும் வயித்துல போடு. அரை மணி நேரம் காப்பி குடிக்காத."

வடிவு அதை இரண்டு தரம் படித்தாள். தளபதியும் எட்டிப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பகைமானியின் முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.

நடை மறுபடி நான்கு எட்டானது. மறுமுனையில் ஆவுடையப்பன் இடுப்பில் சாரமும் மேலே பனியனுமாக நின்றான். ரொம்ப இளைத்திருந்தான். பட்டாளம் சத்தமில்லாமல் மாடிப்படிக்குப் போய்ப் பூட்ஸ் தேட ஆரம்பித்தது. அவரவர் நாட்டுக்குத் திரும்ப வேண்டுமே. அதற்குள் வேதநாயகம் மூச்சிரைக்க வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"என்ன மேடம் பண்ணி வச்சிருக்கீங்க? பன்னெண்டு நாட்டுல துப்பாக்கிக்கு எண்ணெய் போட ஆரம்பிச்சுட்டாங்க. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. எப்படியாவது சண்டை போடுங்க."

வடிவு கணவனின் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, ஒண்ணும் நினைச்சுக்காதீய" என்று சொல்லிவிட்டு ஓங்கி ஓர் அறை விட்டாள். முள் அசையவில்லை.

"சொல்லி வச்சு அடிச்சா ஏறாது மேடம்" என்றார் வேதநாயகம்.

"இன்னொண்ணு போடு வடிவு. வலிக்கல" என்றான் ஆவுடையப்பன். முள் பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று.

அவள் அவன் தங்கை கல்யாணத்துச் சேலை விவகாரத்தை எடுத்தாள். அவன் சிரித்துவிட்டான். அவன் அவளுடைய மீன்குழம்பைப் பற்றிக் கேவலமாகச் சொன்னான். அவள் ஒத்துக்கொண்டாள். பதினாறு வருடத்துச் சண்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார்கள். எல்லாமே எப்போதோ தீர்ந்து போயிருந்தன. மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது.

ஆவுடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த பிறகு அவளைப் பார்க்கவில்லை. பகைமானியைப் பார்த்தான்.

"வடிவு."

"சொல்லுங்க."

"அந்த வருசம் டாக்டரம்மா உன்னைய எந்திரிக்கவே கூடாதுன்னு சொல்லியிருந்தாவ. உனக்கு ஏழாம் மாசம்."

அவள் தொட்டியில் கிடந்த குண்டுக்கூட்டை எடுத்து மேடை மேல் வைத்தாள்.

"இயந்திரத்துக்கு அளவு பாக்கணும்னு நீ பஸ் ஏறிப் போன. நான் வாசல்ல நின்னு போகாதன்னு சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்காமப் போன."

முள் இருபதுக்கு ஏறியது.

"நீங்கதான ஆஸ்பத்திரில சொன்னீய" என்றாள் வடிவு. "என் கையைப் புடிச்சிக்கிட்டுச் சொன்னீய. உன் மேல ஒரு தப்பும் இல்லன்னு."

"சொன்னேன்."

"பொய்யா?"

"ஆமா."

முள் தொண்ணூறில் போய் முட்டியது. வடிவு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கண்ணடிப்பான், அல்லது இருமுவான், இது உலகத்துக்காகச் சொன்னது என்று ஏதாவது ஒரு ஜாடை காட்டுவான் என்று பார்த்தாள். அவன் காட்டவில்லை.

வேதநாயகம் ஃபோனைக் காதில் வைத்திருந்தார். அவர் முகம் மலர்ந்தது. "கீழ வச்சுட்டாங்க. பன்னெண்டு நாடும் துப்பாக்கியைக் கீழ வச்சுட்டாங்க. போதும் சார், ரொம்ப நன்றி. அளவு கிடைச்சிருச்சு. நிறுத்திக்கலாம்" என்றார் ஆவுடையப்பனிடம்.

ஆவுடையப்பன் நிறுத்தவில்லை. ஒன்பது வருடமாக உள்ளே வைத்திருந்ததை ஒழுங்காக, வகுப்பில் நடத்துகிற குரலில், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தான் என்று சொன்னான். அதை அவன் அவளிடம் சொன்னதே இல்லை. அவனுக்கும் அவளுக்கும் நடுவே தரை நீளத் தொடங்கியது. பட்டாளம் பூட்ஸை மறுபடி கழற்றிப் போட்டுவிட்டுத் தலைகுனிந்தபடி உள்ளே வந்தது. அரைக் கிலோமீட்டர் தூரம் வரை அவன் குரல் தெளிவாகக் கேட்டது. பிறகு காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சார், அவரை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் வடிவு.

"உலகம் பூரா நிம்மதியா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு வேதநாயகம் செருப்பைத் தேடப் போனார்.

தளபதி தன் கழுத்திலிருந்த தொலைநோக்கியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் கண்ணில் வைத்தாள். தெளிவாகத் தெரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதினொரு கிலோமீட்டருக்கு அப்பால், வேலிக்கு அந்தப் பக்கம், ஆவுடையப்பன் அவளை நேராகப் பார்த்தபடி நின்றான். அவன் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.