படக்காரர் அனுப்பிய ஆள்

படக்காரர் பேச்சுக் கொடுத்தால் அவ்வளவுதான், தப்பிக்க வழி கிடையாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் நின்று தன் மூட்டுவலியைச் சொல்வார். கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கும் அம்மாள் பாதிச் சண்டையை அப்படியே விட்டுவிட்டு மருமகளைப் பற்றி ஆரம்பிப்பாள். படமென்றதும் எல்லோரும் மாட்டிக்கொள்கிற விறைப்பு முகம் ஒன்று இருக்கிறதே, அது பேச்சில் கழன்று விழும் நேரம் பார்த்து ஒரே ஒரு தடவை அழுத்துவார். இரண்டாவது படம் எடுக்க மாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

பிழைப்புக்கு ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்தார். காது தெரியணும், சிரிக்காதீங்க, கண்ணாடியைக் கழட்டுங்க என்று நாள் பூராவும் சொல்லிச் சொல்லி வாய் புளித்துப் போகும். மதியச் சாப்பாட்டு நேரமும் வாரத்தில் ஒரு நாள் லீவும்தான் தெருவுக்கு. பன்னிரண்டு வருஷமாக இதே கதை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், ஊரில் இத்தனை முகம் இருக்கும்போது ஒன்றையே தினமும் பார்த்துக்கொண்டு இருப்பதா என்று சிரித்து மழுப்புவார். உண்மை என்னவென்றால், வீட்டில் அவர் முகத்தைப் பார்க்கவும் ஆள் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் ஒரு நிமிஷம் நம்பித் தங்கள் முகத்தைக் கொடுத்தார்களே, அதை வைத்துத்தான் மனுஷன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

எடுத்த படத்தை நெட்டில் போட மாட்டார், போனில் யாருக்கும் அனுப்ப மாட்டார். பிரிண்ட் போட்டு அந்த ஆளின் கையிலேயே கொடுப்பார். விலாசம் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் இல்லை. தெருவில் பார்த்த ஆளைத் தெருவிலேயே தேடிப் பிடிப்பதில்தான் ருசி என்பார். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, "இவங்களப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்பார். அந்த வட்டாரத்துக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. செல்போன் ரிப்பேர்க்காரர், பழவண்டி அம்மா, லாண்டரிக்காரர் என்று ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு துப்புச் சொல்வார்கள். எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிறவர் தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர். எந்தப் பூட்டு எந்த வீட்டுக் கதவில் தொங்குகிறது என்பது அவருக்கு மனப்பாடம். படத்தைப் பார்த்ததும் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, நம்ம படக்காரர் படமா, குடுங்க என்று கை நீட்டுவார். சில நாள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாசல் வரைக்கும் வந்து ஆளைக் காட்டிவிட்டுப் போவார்.

அந்தப் பெண்ணைப் படக்காரர் பார்த்தது பஸ் டிப்போவில். மதியம் வந்து நிற்கும் பஸ்களை நாலைந்து பெண்கள் நீளக் கைப்பிடி பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுவார்கள். அவள் ஆண்கள் சட்டை ஒன்றை மேலே மாட்டி, மூக்கு வரை துணி கட்டியிருந்தாள். தண்ணீர் குடிக்கத் துணியை இறக்கியபோது அந்த முகம் அவர் கண்ணில் பட்டது. அன்றைக்கு மதியம் அவர் சாப்பிடவில்லை.

கேட்டதும் வேண்டாம் என்றாள். மறுநாளும் வேண்டாம் என்றாள். மற்றவராக இருந்தால் சரிம்மா என்று போயிருப்பார். இவருக்கு வேண்டாம் என்கிறவர்கள்தான் வேண்டும். மூன்று வாரம் விடாக்கண்டனாகப் போய் நின்றார். கேமராவைப் பையை விட்டு எடுக்காமல், பஸ் ஜன்னலில் ஒட்டிய சூயிங்கத்தை எப்படி எடுப்பது, முன் கண்ணாடிக்கு ஏன் சோப்புத் தண்ணீர் ஆகாது என்றெல்லாம் கேட்டுக் கற்றுக்கொண்டார். அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் இருப்பதும், அந்தப் பிள்ளை கணக்கில் கெட்டி என்பதும் தெரியவந்தது. மூன்றாவது வாரக் கடைசியில் அவளே, "எம்பொண்ணுகிட்ட என் படம் ஒண்ணுகூட இல்லண்ணா" என்றாள். உடனே, "ஆனா யார் கண்ணுலயும் படக்கூடாது. சத்தியமா" என்றும் சொன்னாள்.

"என் கையிலேருந்து உன் கைக்கும்மா. நடுவுல யாரும் கிடையாது" என்றார் படக்காரர்.

இடது பக்கம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். பெண்கள் சிலர் தங்களுக்கு ஒரு பக்கம்தான் நன்றாக இருக்கும் என்று நினைப்பதுண்டு, அப்படித்தான் இதுவும் என்று எடுத்துக்கொண்டார். சூயிங்கத்தைப் பற்றி ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள், அழுத்திவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு படம் அவருக்கு அமைந்ததில்லை. ஈரக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, சிரிப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்காதவள் மாதிரி சிரித்திருந்தாள். பிரிண்ட்டைப் பார்த்துப் படக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் கொண்டுபோனால் டிப்போவில் அவள் இல்லை. கான்ட்ராக்டர் ஆட்களை மாற்றிவிட்டார், எங்கே போட்டிருக்கிறார் என்று தெரியாது என்றார்கள். படக்காரர் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் அவள் வாங்கிய சத்தியம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். கால் தானாகக் கடைப் பக்கம் போனது, கை தானாகப் படத்தை எடுத்தது, வாய் தானாகக் கேட்டது. இரண்டு நாளில் முப்பது நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். எல்லோரும் அடடா என்றார்கள். அந்த அடடாவைக் கேட்கக் கேட்க இன்னும் பத்துப் பேருக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது. இதை அவர் பிறகு தனக்குத்தானே ஒத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் பஸ் நிலையத்தில், வெளியூர் பஸ் கண்டக்டர் ஒருவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எங்க ஊர்ப் பக்கத்து முகமாத் தெரியுது, விசாரிச்சுச் சொல்றேன் என்று தன் போனில் அதை ஒரு படம் பிடித்துக்கொண்டார். போனில் ஏறக் கூடாது என்பது படக்காரரின் சொந்தச் சட்டம். ஆனால் அலைந்து அலைந்து கால் கடுத்திருந்தது, அந்த ஆளும் மரியாதையாகப் பேசினார். இந்த ஒரு தடவை போகட்டும் என்று விட்டார். அதோடு நிற்காமல், எந்தத் தெருப் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதையும், முனையில் இருக்கும் சாவிக்காரரைக் கேட்டால் போதும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் சாவிக்காரரே வழி காட்டினார். பழைய மாடி வீடு ஒன்றின் இரண்டாவது தளத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஒற்றை அறை. மகள் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்த தாய் முதலில் படத்தைப் பார்க்கவில்லை.

"வீடு எப்படிண்ணா தெரிஞ்சுது?"

படக்காரர் பெருமை பொங்கச் சொன்னார். யார் யாரைக் கேட்டார், யார் என்ன சொன்னார், பழவண்டி அம்மா எப்படிக் கண்ணு வைத்தாள் என்று ஒன்று விடாமல் சொன்னார். கண்டக்டர் போனில் எடுத்துக்கொண்டதைச் சொல்லும்போதுதான் அவள் முகத்தைக் கவனித்தார். ஈயாடவில்லை. முகத்தைப் படிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர் அதுவரை அதைப் படிக்காமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவள் கத்தவில்லை. மகளை மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்து வரச் சொன்னாள். பிறகு இடது காதை மறைத்திருந்த முடியை ஒதுக்கிக் காட்டினாள். காதின் பாதி உருகிக் கழுத்தோடு ஒட்டியிருந்தது. இஸ்திரிப்பெட்டி என்றாள். யார் என்று அவர் கேட்கவில்லை.

"மூணு ஊரு மாறிட்டேண்ணா. பள்ளிக்கூடத்துல குரூப் போட்டோ எடுத்தப்பகூட என் பொண்ண லீவு போட வெச்சேன். எம்புருஷனோட ஆளுங்க பாதிப் பேரு டிரைவரு, கண்டக்டருன்னு பஸ்லதான் ஓடுறாங்க."

அவள் அதற்குள் பையை எடுத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்திருந்தாள். இப்போதே, இருக்கிற பஸ்ஸில், எங்கேயாவது போய்விடுகிறேன் என்றாள். அங்கேதான் மறுபடியும் அவர் வாயைத் திறந்தார். பஸ் நிலையத்துக்குப் போவது அவர்கள் கையிலேயே போய் விழுவதுதான் என்றார். தன் அக்கா இரண்டு மணி நேர தூரத்தில் இருக்கிறாள், மாடி அறை காலியாக இருக்கிறது, அக்கா மருமகனுக்கு வேன் உண்டு, காலை எட்டு மணிக்கெல்லாம் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றார். நேற்றுப் பார்த்த கண்டக்டர் ஊர் போய்ச் சேர்ந்து, சொல்லி, ஆள் கிளம்பி வர இரண்டு நாளாவது ஆகும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். போனில் போன படத்துக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. எதையாவது செய்து சரிக்கட்டிவிட வேண்டும் என்ற தவிப்பில் பேசிக்கொண்டே போனார்.

அவள் பாதி நிரம்பிய பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "உங்கள நம்பித்தாண்ணா இருக்கப்போறேன்" என்றாள்.

வேண்டாம் என்றவளை அவர் பேசியே சம்மதிக்க வைத்தது அது இரண்டாவது தடவை.

அக்கா காரணம் எதுவும் கேட்கவில்லை, கூட்டிட்டு வா என்று மட்டும் சொன்னாள். மருமகன் சொன்ன சொல் தவறாமல் வந்தார். எட்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வேன் தெருவில் நின்றது. படக்காரர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

கதவு திறந்து கிடந்தது. நிரப்பிய பை மூலையில் அப்படியே இருந்தது. அடுப்பில் வைத்த பால் தீய்ந்து, பாத்திரம் கருகிய வாடை. அடுப்பை இப்போதுதான் தான் வந்து அணைத்ததாக வீட்டுக்காரம்மா குறைப்பட்டுக்கொண்டார். ஏழு மணிக்கே வந்துவிட்டாராம் அந்தப் பெண்ணின் புருஷன். சத்தம், சண்டை ஒன்றுமில்லை, நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார், வெள்ளைச் சட்டை, எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. தாய் மாடிப்படி வளைவில் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டதும் ஓடினாள். கதவைப் பூட்டவில்லை, காலில் செருப்பில்லை.

"அவளாத்தாங்க போனா. யாரும் இழுத்துட்டுப் போகல" என்றார் வீட்டுக்காரம்மா, தன் வீட்டில் அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை என்ற நிம்மதியோடு.

படக்காரர் எப்படிக் கீழே இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. எந்த ஊர் என்று அவள் சொன்னதில்லை. கண்டக்டர் எந்த பஸ் என்று இவர் பார்த்து வைக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் நாலு திசையிலும் எத்தனை பஸ் கிளம்பியிருக்கும். போலீசுக்குப் போனால், புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனதில் உமக்கு என்ன என்று கேட்பார்கள். கேட்டால் கேட்கட்டும், போகத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தெருமுனைக்கு வந்தார். சாவிக்காரர் குடையின் கீழ் உட்கார்ந்து சாவி ஒன்றை அராவிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"என்ன படக்காரரே, காலங்காத்தால நீங்க அனுப்புன ஆளு வந்தாரு. போன்ல உங்க படத்தக் காட்டினாரு. உங்க படம்னா உங்க ஆளுதானே, மேல ரூம் வாசல் வரைக்கும் நானே கூட்டிட்டுப் போயி விட்டேன்."

படக்காரர் வாயைத் திறந்தார். திட்டத்தான் திறந்தார். என்னவென்று திட்டுவது? படத்தோடு வருகிறவனுக்கு வழி காட்டு என்று பன்னிரண்டு வருஷமாக இந்தத் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வேறு யாராவது வந்து ஒரு பெண்ணின் வீட்டைக் கேட்டிருந்தால் இதே சாவிக்காரர் நீ யாருய்யா என்று நாலு கேள்வி கேட்டு விரட்டியிருப்பார். யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று நேற்று மாலை படி இறங்கியபோது சாவிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்காவுக்குப் போன் போடும் அவசரத்தில் இந்தக் குடையைத் தாண்டித்தான் நடந்து போனார்.

சாவிக்காரர் இன்னும் முடிக்கவில்லை. "பொண்ணு கையப் பிடிச்சுட்டு அப்பா முன்னால, அம்மா பின்னால ஓட்டமா ஓடி வந்து ஆட்டோல ஏறினாங்க. பாக்கவே நல்லாயிருந்துச்சு. நீங்க இருந்திருந்தா ஒரு படம் எடுத்திருப்பீங்க."

நல்ல மனுஷன், மனசார அதைச் சொன்னார். படக்காரர் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். உடம்பு சரியில்லையா என்று சாவிக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், குடிக்கத் தோன்றவில்லை.

வேனிலிருந்து மருமகன் இறங்கி வந்தார். ஆட்கள் எங்கே மாமா என்று கேட்க வந்தவர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த போனை மட்டும் நீட்டினார். அக்கா லைனில் இருந்தாள். விடிந்ததிலிருந்து அறையைக் கழுவித் துடைத்திருக்கிறாள் என்பது மூச்சு வாங்கியதிலேயே தெரிந்தது. ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று, பாய் போதாது, கட்டில் ஒன்றை மேலே ஏற்றச் சொல்லியிருக்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"ஏண்டா, ஒம்போது வயசுப் பொண்ணுன்னியே. தனியாப் படுக்குமா, இல்ல அம்மாகூடத்தான் படுக்குமா? அதுக்குத் தகுந்த மாதிரி கட்டில் போடணும்."

படக்காரர் மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார்.

"அம்மாகூடத்தாங்க்கா படுக்கும்" என்றார்.