மூன்றாவது கோடு

எங்கள் பள்ளியில் நான் எடுக்கும் உளவியல் வகுப்பு மாடியில், பழைய தட்டச்சு அறையில் நடக்கிறது. மேசைகளில் இயந்திரங்களின் கால்கள் பதிந்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. மாணவர்கள் அவற்றில் பேனாக்களை நிறுத்தி வைப்பார்கள். பதினோராம் வகுப்பில் பதினைந்து பேர். அந்தப் பதினைந்துதான் பிரச்சினை.

"பதினஞ்சே பேருக்குன்னு தனியா ஒரு டீச்சர், தனியா ஒரு ரூம்" என்றார் தலைமை ஆசிரியை. "அடுத்த வருஷம் இந்தப் பாடம் வேணுமான்னு யோசிக்கணும். வெள்ளிக்கிழமை வந்து உக்காருறேன். பார்த்துட்டு முடிவு பண்றேன்."

கோடுகள் சோதனையை நடத்திக் காட்ட முடிவு செய்தேன். பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட புகழ்பெற்ற ஆய்வு அது. அட்டையின் இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் மூன்று. இடப்பக்கக் கோட்டின் நீளம் எதோடு பொருந்துகிறது என்று ஒவ்வொருவராக உரக்கச் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்பே பேசி வைத்துக்கொண்டு தவறாகச் சொல்வார்கள். பாவம் அந்த ஒருவர், தன் கண்ணை நம்புவதா, கூட்டத்தை நம்புவதா என்று விழிப்பார். பெரும்பாலானோர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு போய்விட்டார்கள்.

அட்டைகளை அக்காவின் தையல் மேசையில் வைத்து வரைந்தேன். அக்கா ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"மனசைப் படிக்கிற படிப்புன்னு சொன்ன. இப்ப என்னடான்னா கோடு போட்டுட்டு இருக்க."

"இதுல மனசு தெரியும்க்கா."

"அப்ப என் மனசுல என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்?"

"என் அளவு டேப்பைத் திருப்பிக் குடுன்னு இருக்கு."

"பரவாயில்லையே, படிச்சது வீண் போகல" என்று கையை நீட்டினாள்.

யாரிடம் சோதிப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி இருந்தாள். பேசவே மாட்டாள். அவளுக்கு வகுப்பு வைத்த பெயர் 'மியூட்'. அவள் பல்வலி என்று வராத செவ்வாய்க்கிழமை, மற்றவர்களிடம் திட்டத்தைச் சொன்னேன். முதல் நான்கு அட்டைகள் பழக்கத்துக்கு. அவற்றுக்கு எல்லோரும் உண்மையைச் சொல்ல வேண்டும், சரியான விடையை நான் பலகையில் எழுதுவேன். ஐந்தாவதிலிருந்து எல்லோரும் ஒரே மாதிரி தவறாகச் சொல்ல வேண்டும்.

"அவகிட்ட மூச்சு விடக்கூடாது" என்றேன்.

"சரி மிஸ்" என்றான் ஒட்டடைக்குச்சி. வகுப்பிலேயே உயரமானவன், நின்றால் மின்விசிறிக்குப் பயந்து குனிபவன். அன்றைக்கு அவன் அவ்வளவு சாதுவாகத் தலையாட்டியதை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கையில் சிறிய குறிப்பேடு. முதல் அட்டையைத் தூக்கினேன். "ரெண்டு, ரெண்டு, ரெண்டு" என்று வரிசையாக வந்தது. மியூட் கடைசிக்கு முந்திய இடத்தில் இருந்தாள். அவளும் இரண்டு என்றாள். பலகையில் எழுதினேன். இரண்டாவது அட்டையும் அப்படியே போனது.

மூன்றாவது அட்டை. விடை இரண்டு.

"மூணு" என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

"மூணு." "மூணு." "மூணு."

மறந்துவிட்டார்களா? இன்னும் பழக்கச் சுற்றுதானே! ஒட்டடைக்குச்சியை முறைத்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தபடி "மூணு மிஸ்" என்றான். மியூட்டின் முறை வந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளாவது இரண்டு என்பாள் என்று காத்திருந்தேன்.

"மூணு" என்றாள், கொஞ்சமும் தயங்காமல்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது கோடுதான். அக்காவின் டேப்பால் நானே அளந்தது. ஆனால் அக்கா பேசிக்கொண்டே இருந்தாளே, அப்போது மாற்றி வரைந்துவிட்டேனோ? பார்க்கப் பார்க்க இரண்டாவது கோடு குட்டையாகிக்கொண்டே போனது. பதினைந்து முகங்களும், கடைசி பெஞ்சில் ஒரு மூக்குக்கண்ணாடியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. காதுமடல் சுட்டது.

பலகையில் '3' என்று எழுதினேன்.

நான்காவது அட்டைக்கு எல்லோரும் ஒன்று என்றார்கள். அதையும் எழுதினேன். இந்த முறை அட்டையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

ஒட்டடைக்குச்சி எழுந்து வந்தான். கையில் அடிக்கோல். மூன்றாவது அட்டையை அளந்து காட்டினான். இரண்டாவது கோடு. சந்தேகமே இல்லை. நான்காவது அட்டைக்கு நான் எழுதியதும் தப்பு.

"மிஸ், சோதனை முடிஞ்சுது. உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். முதல் பெஞ்சுக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"என்னடா நடக்குது இங்க?"

"முடிஞ்சதும் உண்மையைச் சொல்லி ஆசுவாசப்படுத்தணும்ல மிஸ். அதான்."

"சோதனை அவளுக்குத்தானே!"

"அவளை நீங்க கேக்கவே இல்லையே. பழைய ஆய்வுல எல்லாம் ஏமாத்தி வேர்க்க விட்டாங்க, இப்ப சம்மதம் வாங்காம யாரையும் தொடக்கூடாதுன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க? அதனால நாங்க போய்க் கேட்டோம்."

மியூட் எழுந்து நின்றாள். "நான் முடியாதுன்னு சொல்லிட்டேன் மிஸ். எல்லாரும் பார்க்க நான் முழிக்கிறது எனக்குப் பிடிக்கல. உங்களைச் சோதிக்கலாம்னு சொன்னதும் நான்தான்."

அவள் அந்த வகுப்பில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் வேறொன்று, மாவு பொங்குவதுபோல, மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. நான் சொன்னதை இவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மட்டும் போகவில்லை. நம்பியிருக்கிறார்கள்.

விறைப்பாகக் கேட்டேன். "சரி, என்கிட்ட சம்மதம் வாங்கினீங்களா?"

ஒட்டடைக்குச்சி தலையைச் சொறிந்தான். "இல்ல மிஸ். அது தப்புதான். ராத்திரி பூரா வாட்ஸாப்பில அதுக்குத்தான் சண்டை."

மியூட் ஒரு தாளை என் முன் வைத்தாள். குண்டு குண்டான எழுத்து. 'உங்கள் பதில்களை எங்கள் ஆய்வில் சேர்க்கலாமா? வேண்டாம் என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. யாரும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டோம்.' கீழே இரண்டு கட்டங்கள்.

கடைசி பெஞ்ச் கிரீச்சிட்டது. தலைமை ஆசிரியை எழுந்து முன்னால் வந்தார். பாடம் போயிற்று என்று நினைத்தேன். பார்க்க வந்தவர் முன்னால், பலகையில் இரண்டு தப்பு விடைகளை எழுதிய ஆசிரியை நான்.

அவர் மூன்றாவது அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கண்ணாடியை ரெண்டு தடவை துடைச்சேன். எனக்கும் மூணுன்னுதான் பட்டுது." பிறகு மியூட் பக்கம் திரும்பினார். "எனக்குத் தாள் இல்லையா?"

"உங்களைச் சேர்க்கல மேடம். இருங்க, எழுதித் தரேன்."

"எழுது. இருபத்தாறு வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கேன், ஒருத்தரும் என்னை இப்படிக் கேட்டதில்ல." குறிப்பேட்டை மூடிக் கைப்பையில் வைத்தார். "டீச்சர், இந்தப் பாடம் இருக்கட்டும். ஆனா அடுத்த வருஷம் முப்பது பேராவது வேணும். இந்த ரூம் பத்தாது, கீழ வந்துடுங்க."

வகுப்பு மேசைகளைத் தட்டித் தீர்த்தது. பள்ளங்களில் நின்ற பேனாக்கள் உருண்டு விழுந்தன. நான் 'சேர்க்கலாம்' கட்டத்தில் குறியிட்டேன். கையெழுத்துப் போடும்போது எழுத்து கலங்கித் தெரிந்தது.

"மிஸ், அழறீங்களா? பங்கேற்பாளர் நடத்தைன்னு ஒரு பத்தி இருக்கு. எழுதிக்கவா?" என்றான் ஒட்டடைக்குச்சி, பேனாவைத் திறந்தபடி.

"கண்ணுல தூசுன்னு எழுது."

"பொய்யான தகவல் எழுதக்கூடாது மிஸ்" என்றாள் மியூட்.

"சரி" என்றேன். "அழறாங்கன்னே எழுதுங்க."